வீட்டைப் பற்றிய படங்களை வீட்டில் உட்கார்ந்து பார்ப்பது: அண்மையில் நீங்கள் பார்த்தவை எவை?

முகப்புத்திண்ணை (கானாடுகாத்தான்)

செட்டிநாட்டு நகரத்தாரான எங்கள் பிள்ளையார் நோன்புக்கு ஊருக்கு வந்து, இழை எடுக்கும் சடங்கு முடிந்த மறுநாள் இரவு, கிளம்பியவர்கள் போக மீதியிருந்த ஒன்பது பேரும் வீட்டின் உயர்ந்த கூடமான பட்டாலையில் பாய் விரித்து உட்கார்ந்து ‘மெய்யழகன்’ பார்த்தோம். 2024 செப்டம்பரில் அது வெளியான வாரமே சென்னையில் திரையரங்குக்குப் போய்ப் பார்த்திருந்தேன். நல்ல எண்ணத்தோடு எடுக்கப்பட்ட, ஆனால் பேச்சு சற்றுக் கூடிப்போன படம் என்றுதான் அப்போது தோன்றியது. ஊரில் பார்த்தபோது அதே படம் வேறொன்றாக இருந்தது. ஏன் அப்படி என்று இரண்டு நாள்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

படத்தின் தொடக்கத்தில், தஞ்சாவூரில் ஒரு குடும்பம் சொத்துத் தகராறில் தன் வீட்டைச் சொந்தக்காரர்களிடம் இழந்துவிட்டுச் சென்னைக்குப் புறப்படுகிறது. திரையரங்கில் அதைக் கதைக்கான முன்னுரையாகக் கடந்துபோக முடிந்தது. எங்கள் பட்டாலையில் முடியவில்லை. அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் நான்கு பேர், இதே வீட்டுக்காக ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டவர்களின் பிள்ளைகள். வீட்டில் பதினோரு பங்கு இருக்கிறது. வளவை, அதாவது உள்முற்றத்தை, சுற்றியுள்ள அறைகளில் ஏழு பூட்டிக் கிடக்கின்றன. அவற்றில் இரண்டின் சாவி யாரிடம் இருக்கிறது என்பது ஒருவருக்கும் தெரியாது. திரையில் அந்தக் குடும்பம் வீட்டை விட்டு வெளியேறியபோது நாங்கள் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பெரியப்பச்சி (பெரியப்பா) மட்டும் எழுந்து போய் முகப்பு விளக்கை அணைத்துவிட்டு வந்தார். அந்த விளக்கு யாருடைய கண்ணையும் கூசச் செய்யவில்லை.

இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து அரவிந்த்சாமி ஒரே ஒரு கல்யாணத்துக்காக நீடாமங்கலத்துக்கு வந்து, முறைக்குத் தலைகாட்டிவிட்டு இரவுப் பேருந்தைப் பிடித்துவிட வேண்டும் என்று துடிக்கிறாரே, அந்தத் துடிப்பை எங்களைப் போன்றவர்கள் நன்றாக அறிவோம். கார்த்தியின் பாத்திரம் பெயரைச் சொல்லாமலேயே ஒட்டிக்கொண்டு திரிவது முதல் முறை எனக்குச் சலிப்பாக இருந்தது. இம்முறை, பெயர் நினைவுக்கு வராமல் சமாளிக்கும் அந்த வெட்கம்தான் படத்தின் முதுகெலும்பு என்று தோன்றியது. பந்தியில் எதிரே உட்கார்ந்து “என்னைத் தெரிகிறதா?” என்று கேட்பவரிடம் “தெரியாமலா” என்று சிரித்துவிட்டு, பிறகு கைகழுவும் இடத்தில் ஆத்தாவிடம் ரகசியமாக விசாரிக்காதவர் நம்மில் யார்?

அண்மையில் வீட்டில் பார்த்த படங்களைப் பற்றி, குறிப்பாக வீடும் ஊரும் வரும் படங்களைப் பற்றி, மற்றவர்களும் எழுதினால் நன்றாக இருக்கும். பிடித்தது, பிடிக்கவில்லை என்பதோடு நிறுத்தாமல் காரணத்தையும் எழுதுங்கள்.


செக்காலை வடக்கு (காரைக்குடி)

நான் உடன்படவில்லை. நீங்கள் எழுதியதில் பாதி உங்கள் வீட்டைப் பற்றியது; படத்தைப் பற்றியது மீதிப் பாதிதான். உங்கள் பங்காளிகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் அந்தக் காட்சி கனத்தது என்றால், அந்தக் கனத்துக்கு இயக்குநர் எப்படிப் பொறுப்பாவார்?

வெளியான சில நாள்களிலேயே ஏறத்தாழ 18 நிமிடங்களை வெட்டினார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. வெட்டியது போதாது என்பது என் கட்சி. இரவுப் பேச்சில் வரலாறு, வீரம், மாடு எல்லாம் வந்து சேரும்போது, இரண்டு மனிதர்கள் பேசிக்கொள்வது நின்றுபோய், படம் நம்மைப் பார்த்துப் பேசத் தொடங்கிவிடுகிறது. சைக்கிள் கதை ஒன்றே போதும். ஊரை விட்டுப் போனவன் விட்டுச்சென்ற பழைய சைக்கிள் இன்னொரு குடும்பத்தை நிமிர்த்தியது என்பதும், அது அவனுக்கே தெரியாது என்பதும் எவ்வளவு அழகான கற்பனை! அதைச் சொன்ன பிறகு வேறு எதையும் அந்தப் படம் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டில் பார்ப்பதில் ஒரு வசதி உண்டு, ஒப்புக்கொள்கிறேன். பேச்சு நீளும்போது எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம்.


பள்ளத்தூர் இடைப்பலகாரம்

தம்பி முகப்புத்திண்ணை, நீங்கள் வீட்டை விட்டுப் போனவர்களின் படத்தைப் பற்றி எழுதினீர்கள். நான் வீடு கிடைக்காதவர்களின் படத்தைப் பற்றி எழுதுகிறேன். சென்ற வாரம் மாலையில், அடுப்படி வேலை முடிந்து, இடைப்பலகாரத்துக்குச் சுட்ட வெள்ளைப்பணியாரம் தட்டில் ஆறிக்கொண்டிருக்க, நானும் என் வீட்டுக்காரரும் ‘3 பிஎச்கே’ பார்த்தோம். 2025 ஜூலையில் வெளியான படம். ஸ்ரீ கணேஷ் இயக்கியது. சரத்குமார், தேவயானி, சித்தார்த், மீதா ரகுநாத் ஆகியோர் ஒரு குடும்பமாக வருகிறார்கள். வாடகை வீட்டில் இருக்கும் ஒரு குமாஸ்தா, சொந்த வீடு வாங்கக் காசு சேர்க்கிறார்; சேர்த்த காசு மகன் படிப்புக்கும் மகள் கல்யாணத்துக்கும் மருத்துவமனைக்கும் மாறி மாறிப் போகிறது. இவ்வளவுதான் கதை. ஆனால் அந்தக் கணக்கு நோட்டு என் வீட்டுக்காரரை அப்படியே கட்டிப்போட்டுவிட்டது. அவரும் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். திரையில் ஒவ்வொரு முறை தொகை குறையும்போதும், அதைத் தன் கையிலிருந்து எடுத்துக் கொடுத்தவர்போல் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

என் குறையையும் சொல்லிவிடுகிறேன். துன்பங்கள் வரிசை போட்டு, ஒருவர் பின் ஒருவராக உள்ளே வருகின்றன. ஒரு துன்பம் வந்து உட்கார்ந்து, காப்பி குடித்து, நம்மோடு நாலு நாள் தங்கினால்தானே அது நமக்குப் பழகும்? இங்கே அடுத்ததற்கு இடம் விட அது உடனே எழுந்து போய்விடுகிறது. தேவயானிக்குப் பேச வசனம் குறைவாக இருந்ததில் எனக்கு வருத்தமில்லை, ஏனென்றால் அப்படிப்பட்ட வீடுகளில் அம்மாக்கள் பேசுவது குறைவுதான். ஆனால் அவர் எதை விட்டுக்கொடுத்தார் என்பதையாவது காட்டியிருக்கலாம். வீட்டுக் கணக்கில் முதலில் அடிபடுவது எப்போதும் அடுப்படியின் பட்டியல்தான்: முதலில் முந்திரி போகும், பிறகு நெய் போகும், பிறகு நல்லெண்ணெயின் அளவு குறையும். அந்தப் பட்டியல் இந்தப் படத்தில் இல்லை.

படம் முடிந்ததும் அவர், “இதைவிடப் பெரிய படம் ஒன்று முன்பே வந்துவிட்டது” என்று சொல்லி மறுநாள் பாலு மகேந்திராவின் ‘வீடு’ படத்தைப் போட்டார். 1988-இல் வந்தது. அதில் அர்ச்சனா, வேலைக்குப் போகும் பெண். தங்கை, தாத்தா என்று மூன்றே பேர் கொண்ட குடும்பம். கடன், அனுமதி, ஒப்பந்தக்காரர், திருட்டுப்போகும் சிமெண்டு என்று ஒரு சிறு வீடு மண்ணிலிருந்து எழும்பப் படும் பாட்டைக் கொஞ்சமும் ஒப்பனை இல்லாமல் காட்டுகிறார்கள். தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர், முடிவடையாத அந்த வீட்டைப் பார்க்கத் தனியாகப் போய், சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வரும் இடத்தில் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து போய் அடுப்படியில் நின்றேன். அர்ச்சனாவுக்குத் தேசிய விருது கிடைத்ததும், சிறந்த தமிழ்ப் படமாக அது தேர்ந்தெடுக்கப்பட்டதும் சரியே. இளையராஜாவின் இசையும், படத்துக்கென்று செய்ததாக இல்லாமல் ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பிலிருந்து எடுத்துப் பயன்படுத்தியது என்று அவர்தான் எனக்குச் சொன்னார்.

இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்ததில் ஒன்று தெளிந்தது. புதிய படத்தில் வீடு ஒரு பரிசு. கடைசியில் கிடைத்துவிட்டால் நமக்கு நிம்மதி. பழைய படத்தில் வீடு செங்கல், மணல், கையெழுத்து, லஞ்சம், வெயில். வீடு எதனால் கட்டப்படுகிறது என்பதை அறிந்தவர் எடுத்த படம் அது.


தேவகோட்டை ரஸ்தா

ஆச்சி எழுதியதைப் படித்த பிறகு, நம் பகுதி வீடுகளைத் திரையில் காட்டும் விதத்தைப் பற்றி நெடுநாளாக மனத்தில் இருந்ததை எழுதலாம் என்று தோன்றியது. நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வட்டாரத்துக்கும் சினிமாவுக்கும் உள்ள தொடர்பு, படப்பிடிப்புக்கு வாடகைக்கு வீடு கொடுப்பதற்கு முன்பே தொடங்கியது. காரைக்குடியில் பிறந்த ஏ.வி. மெய்யப்பன், போர்க்காலத்துக்குப் பிந்தைய நெருக்கடியில், தேவகோட்டை ரஸ்தாவில்தான் கொட்டகை போட்டு ஏவி.எம். படப்பிடிப்பு நிலையத்தைத் தொடங்கினார். பாரதியின் பாடல்களோடு 1947 பொங்கலுக்கு வந்த ‘நாம் இருவர்’ இங்கே எடுக்கப்பட்ட படம். பிறகுதான் நிலையம் கோடம்பாக்கத்துக்குப் போனது. சிறுகூடல்பட்டியில் பிறந்த கண்ணதாசன் பாட்டெழுதியதோடு நில்லாமல் ‘சிவகங்கைச் சீமை’ போன்ற படங்களைத் தயாரிக்கவும் செய்தார். அதே ஊரைச் சேர்ந்த பஞ்சு அருணாசலம் 1976-இல் ‘அன்னக்கிளி’ மூலம் இளையராஜாவைக் கொண்டுவந்தார். அப்போதெல்லாம் இங்கிருந்து சினிமாவுக்குப் போனது மனிதர்களும் முதலும் சொல்லும். இப்போது போவது தூண்கள்.

இதை எழுதத் தூண்டியது, சென்ற ஞாயிறு மீண்டும் பார்த்த ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’. ராஜீவ் மேனன் இயக்கி 2000-இல் வந்த படம். ஜேன் ஆஸ்டினின் ஆங்கில நாவலை நம் மண்ணுக்குக் கொண்டுவந்தது. தாத்தா இறந்ததும் உயில்படி வீடு மகனுக்குப் போக, மகளும் பேத்திகளும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சென்னைக்குக் கிளம்புகிறார்கள். இங்கிலாந்தில் எழுதப்பட்ட அந்தச் சொத்துரிமைச் சிக்கலுக்கு நம் வீடுகளைவிடப் பொருத்தமான இடம் கிடைத்திருக்காது. தபுவின் முகமும் அந்த வீட்டின் நிழலும் சேரும் இடங்கள் இன்றும் கண்ணுக்கு நிறைவாகவே இருக்கின்றன.

ஆனாலும் அந்தப் படத்தில் வீடு அழகாக இருக்கிறதே தவிர, யாரும் அதில் குடியிருப்பதுபோல் இல்லை. முற்றத்தில் வற்றல் காயவில்லை. வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் உரல் இல்லை. மழை வந்தால் நான்கு பக்கத் தாழ்வாரத்திலிருந்தும் தண்ணீர் இறங்கி வளவில் நிற்கும் ஓசை இல்லை. பர்மாத் தேக்குத் தூணைக் கீழிருந்து மேல்நோக்கிக் காட்டும் ஒளிப்பதிவாளர்கள், அந்தத் தூணின் அடியில் எண்ணெய்த் தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கறுத்துப்போன வட்டத்தை ஒருபோதும் காட்டுவதில்லை. அந்தக் கறுப்புக்குத்தான் வீடு என்று பெயர். அதற்குப் பிறகு வந்த எத்தனையோ படங்களில் நம் வீடுகள் பண்ணையார் வீடாகவும் வில்லன் வீடாகவும் வந்துவிட்டன. பஞ்சாயத்து நடக்கும், அரிவாள் சுழலும், ஆத்தங்குடித் தரைக்கல்லில் ரத்தம் சிந்தும். வட்டிக்கடைக் கணக்கும் பெட்டியடியும் முன்னோருக்கான படைப்பும் நடந்த தரையில் இவ்வளவு ரத்தம் எங்கிருந்து வந்தது என்று என் ஐயா தொலைக்காட்சியைப் பார்த்துக் கேட்பார்.

அவருக்காகவே அடுத்த நாள் ‘அந்த நாள்’ போட்டேன். ஏவி.எம். தயாரித்து, எஸ். பாலசந்தர் இயக்கி, 1954-இல் வந்தது. ஒரு பாட்டுகூடக் கிடையாது. 1943-இல் சென்னையில் குண்டு விழுந்த சமயத்தில் நடக்கும் ஒரு கொலையை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள். எழுபது ஆண்டு கடந்தும் அதில் ஒருவரும் தேவையில்லாமல் குரலை உயர்த்தவில்லை என்பதுதான் எனக்கு வியப்பு. ஐயாவோ, பண்டரிபாய் புடவையை எப்படிக் கட்டியிருக்கிறார் என்று அப்பத்தா சொன்னதை நினைவுகூர்ந்து பாதிப் படத்தைத் தவறவிட்டார்.


செக்காலை வடக்கு (காரைக்குடி)

தூணடிக் கறுப்பைப் பற்றி எழுதியதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒன்று: படப்பிடிப்பு வாடகை வரவில்லையென்றால் அந்தத் தூண்களில் பல இன்று காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் விலைச்சீட்டோடு நின்றுகொண்டிருக்கும். அரிவாள் சுழன்றாலும் கூரை ஒழுகாமல் இருக்கிறதே என்று நினைப்பவன் நான்.


கண்ணாடிப் பலகை (ஆத்தங்குடி)

அனைவரும் வீட்டுக்காரர்களாக இருந்து எழுதியிருக்கிறீர்கள். நான் ஆத்தங்குடித் தரைக்கல் செய்பவரின் மகன். கண்ணாடிப் பலகைமேல் வண்ணக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, சூளையில் வைக்காமல் தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கும் அந்தக் கல்லை அப்பா நாற்பது ஆண்டுகள் செய்தார். அம்மா ஒரு பெரிய வீட்டில் வாசல் தெளித்து, பெருக்கி, விளக்கேற்றி, சாவியையும் வைத்திருந்தார். ஆகவே வீட்டைப் பற்றிய படம் என்றால் எங்கள் கண் வேறு இடத்தில் நிற்கும்.

‘வீடு’ படத்தைப் பற்றி ஆச்சி எழுதியதில் ஒருவர் விடுபட்டுவிட்டார்: சித்தாளாக வரும் மங்கம்மா. ஒப்பந்தக்காரர் ஏமாற்றுகிறார் என்பதை அர்ச்சனாவுக்குப் புரியவைத்து, வேலையை நின்று முடிக்கத் துணை இருப்பது அந்தப் பெண்தான். அவளுக்கு அந்த வீட்டில் ஒரு செங்கல்கூடச் சொந்தமில்லை. எங்கள் வீட்டில் அந்தப் படம் ஓடியபோது அப்பா மங்கம்மாவை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். “கலவை பிடிக்கிற கை தெரியுது” என்று ஒரு முறை சொன்னார். அவர் ஒரு நடிப்புக்குக் கொடுத்த பாராட்டு இதுவரை அது ஒன்றுதான்.

‘மெய்யழகன்’ பற்றியும் இதே கண்ணால் ஒன்று சொல்ல வேண்டும். விட்டுப்போனவரின் வலியை முகப்புத்திண்ணை எழுதினார். பேச்சு அதிகம் என்று செக்காலை அண்ணன் எழுதினார். ஊரிலேயே தங்கிவிட்டவனுக்கு ஏன் அவ்வளவு பேச்சு என்று யாரும் கேட்கவில்லை. வருடத்துக்கு இரண்டு நாள் மட்டும் வந்து போகிறவர்களிடம் சொல்வதற்காக, மீதி முந்நூற்று அறுபத்து மூன்று நாள்களின் பேச்சைச் சேர்த்து வைத்திருப்பவன் அப்படித்தான் பேசுவான். அம்மாவும் அப்படித்தான். செட்டியார் வீட்டார் நோன்புக்கு வந்து இறங்கியதும், எந்த ஓடு விரிந்தது, எந்த அறையில் கறையான், எந்த மாமரம் காய்த்தது என்று மூச்சு விடாமல் சொல்வார். அவர்கள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவார்கள். அதனால் அந்தப் படத்தில் வெட்டிய 18 நிமிடமும் எங்கள் பக்கத்துப் பேச்சு என்றே எனக்குத் தோன்றுகிறது. இது நியாயமான விமர்சனம் இல்லை என்று நீங்கள் சொல்லலாம். நானும் முழுவதும் மறுக்க மாட்டேன்.

அண்மையில் பார்த்தது என்றால், வினோத்ராஜ் இயக்கிய ‘கொட்டுக்காளி’. பின்னணி இசையே இல்லாத படம். பேய் பிடித்ததாகச் சொல்லி ஒரு பெண்ணை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு குடும்பமே சாமியாடியைத் தேடிப் போகிறது. அன்னா பென் படம் முழுவதும் வாய் திறப்பதே அரிது. இந்தப் படத்தை வீட்டில் பார்ப்பது மிகக் கடினம் என்பதை அனுபவத்தில் சொல்கிறேன். முதல் நாள் பார்த்தபோது பக்கத்து வீட்டு மிக்சி, தெருவில் மீன் வண்டிக்காரரின் ஒலிபெருக்கி, மாடியில் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழியும் சத்தம் எல்லாம் படத்துக்குள் புகுந்துவிட்டன. எது படத்தின் ஓசை, எது எங்கள் தெருவின் ஓசை என்று பிரிக்க முடியவில்லை. மறுநாள் நள்ளிரவில், காதுக்குள் இயர்போன் வைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். அப்போதுதான் சேவலின் மூச்சும், ஆட்டோவின் உலோகச் சத்தமும், சூரியின் குரல் கரகரப்பதும் கேட்டன. முடிவைப் பார்ப்பவரிடமே விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது சரியான முடிவாகப்பட்டது. அம்மாவுக்கு ஆத்திரம் வந்தது. “பிள்ளை என்ன ஆனாள் என்று சொல்லாமல் போனால் என்ன படம்?” என்பது அவர் கேள்வி.


பள்ளத்தூர் இடைப்பலகாரம்

தம்பி, மங்கம்மாவை நான் விட்டது பிழைதான். அவர் வரும் இடங்களில் நானும் அவரைத்தான் பார்த்தேன். எழுதும்போது மட்டும் எப்படியோ நழுவிவிட்டார். உங்கள் அம்மாவின் கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை. ஆனால் அந்தப் படத்தை இன்று இரவு போடச் சொல்லியிருக்கிறேன். மிக்சியை எட்டு மணிக்கே நிறுத்திவிடுவோம்.


முகப்புத்திண்ணை (கானாடுகாத்தான்)

ஆத்தங்குடித் தம்பி எழுதியதைப் படித்த பிறகு பதில் எழுத எனக்கு ஒரு நாள் தேவைப்பட்டது. தலையாட்டிக்கொண்டே கைப்பேசியைப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். செக்காலை அண்ணன் கேட்டதற்கும் இப்போது பதில் சொல்லலாம்: ஆம், என் கருத்தில் பாதி என் வீட்டைப் பற்றியதுதான், மீதிப் பாதியிலும் நான் பார்க்கத் தவறியது நிறைய இருக்கிறது.

நேற்று மாலை எங்கள் வீட்டைக் காவல் பார்க்கும் அண்ணனையும் அவர் மனைவியையும் பட்டாலைக்கு அழைத்து ‘வீடு’ பார்த்தோம். அவர்கள் முதலில் படியிலேயே உட்கார்ந்தார்கள். மேலே வரச் சொல்லிப் பாயை இழுத்துப் போட்டேன். வந்தார்கள், ஆனால் பாயின் ஓரத்தில்தான். படம் தொடங்கிச் சிறிது நேரத்தில் அவர் கதையை விட்டுவிட்டு வேலையைப் பார்க்கத் தொடங்கினார். அடித்தளம் இன்னும் ஆழம் போயிருக்க வேண்டும் என்றார். சுவருக்குத் தண்ணீர் ஊற்றியது போதாது என்றார். பாகவதர் சுவரைத் தொட்டபோது எதுவும் சொல்லவில்லை. பிறகு மெதுவாக, எங்கள் வீட்டு இரண்டாம் கட்டுச் சுவரில் பூச்சு விட்டுப்போன இடத்தை நான் பார்த்தேனா என்று கேட்டார். மூன்று வருடமாகச் சொல்லிவருகிறாராம். எனக்கு ஒரு முறை சொன்னதாகக்கூட நினைவில்லை.

அலுவலகத்திலிருந்து ஆள் வந்து அந்த நிலத்தைப் பற்றிப் பேசத் தொடங்கும் காட்சிக்குச் சற்று முன்னால் மின்சாரம் போய்விட்டது. இருட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். “அந்தப் பிள்ளை குடி போய்ட்டாளா?” என்று அவர் மனைவி கேட்டார். முடிவைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். அண்ணன் கைவிளக்கை எடுத்துக்கொண்டு முன்னால் நடக்க, நான் பின்னால் போய் அந்தப் பூச்சு விட்ட சுவரைப் பார்த்துவிட்டு வந்தேன்.